றபீக்கா கேட்ட சான்று

கல்முனைக் கடைத்தெருவில் நின்று றபீக்கா வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். எந்த றபீக்கா என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். வீட்டுக்கு ஒரு றபீக்கா இருக்கிற ஊரில் அவர்களும்தான் என்ன செய்வார்கள், பாவம்! "கொம்பியூட்டர்ல எழுதுற றபீக்கா" என்று சொல்லிவிட்டால் போதும். "ஓ, சான்று றபீக்காவா?" என்று சிரித்துக்கொண்டே கூட்டிப்போய் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், மஜீட்டின் கொமியூனிகேஷன் கடை வாசலில் விட்டுவிடுவார்கள். போன் கதைக்க, போட்டோக் கொப்பி எடுக்க, இன்டர்நெட் பார்க்க என்று ஊரே வந்துபோகிற கடை அது. அங்கே மூலையில் இருக்கிற பழைய கொம்பியூட்டர்தான் றபீக்காவின் ஆசனம்.

இணையத்தில் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், ஒரு சதமும் கிடைக்காது. புதிதாக எழுத வருகிறவர்கள் தங்கள் ஊரைப் பற்றியும் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஆசை ஆசையாக எழுதிவிட்டு, இதற்கெல்லாம் சான்று எங்கே என்று யாராவது கேட்டதும் முகம் தொங்கிப் போய்விடுவார்கள். அப்படித் தொங்கிப்போன முகங்களைத் தேடிப் பிடித்து, எந்தப் புத்தகம், யார் எழுதியது, எந்த வருசம், எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அதைக் கட்டுரைக்குக் கீழே எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுப்பதுதான் றபீக்காவின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை, அவளாக எடுத்துக்கொண்டது. பொறுமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். கடைக்கு வருகிறவன் மிச்சக் காசுக்கு அவசரப்பட்டால் கொட்டித் தீர்த்துவிடுவாள். இந்தப் புது ஆட்களிடம் மட்டும் அவளுக்குக் கோபம் வராது, ஏனென்றால் அவர்கள் செய்கிற பிழையை அவர்களுக்கு முந்தியே செய்து அவமானப்பட்டவள் அவள்தான்.

ஆனால் அவள் அதைச் செய்த விதம் எங்களுடைய கரையோரத்து முஸ்லிம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடியது. சின்ன வயதில் மத்ரஸாவில் நபியின் சொல்லும் செயலும் அடங்கிய ஹதீஸ் படிக்கும்போது, ஒவ்வொரு செய்தியின் கீழும் 'அறிவிப்பவர்' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார் சொன்னார், எல்லோரும் நம்பத்தகுந்தவர்கள் என்று சங்கிலி போல வரும். அதைப் படித்து வளர்ந்த பிள்ளைகளிடம் சான்று கேட்டால் வேறு என்னத்தைக் கொடுப்பார்கள்? றபீக்கா தன் முதல் கட்டுரையில் ஒவ்வொரு வரியின் கீழும் அழகாகப் போட்டாள்: 'அறிவிப்பவர்: மோதினார் சீனிமுகம்மது. ஐந்து வேளையும் தொழுகிறவர். பொய் பேசியதை யாரும் கண்டதில்லை.'

அந்தக் கட்டுரை புன்னையடியைப் பற்றியது. கல்முனைக்குத் தெற்கே, கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் இருந்த குட்டிக் குடியிருப்பு அது. ஒரு பள்ளிவாசல், ஒரு தேத்தண்ணிக் கடை, கரைவலை இழுக்கிற குடும்பங்கள், அவ்வளவுதான். அங்கேதான் றபீக்கா வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை பக்கீர் முகைதீன் றேடியோ திருத்துகிறவர். பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கரண்ட் போனாலும் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு நிற்கக் கூடாது என்று கார் பற்றறி ஒன்றை அதற்குப் பூட்டி வைத்திருந்தார். கலியாணம் முடித்து நான்கு வருசம், பிள்ளை இல்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை றபீக்கா உம்மாவைப் பார்க்கக் கல்முனைத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள், அதனால் தப்பினாள்.

முதல் அலை வந்து முழங்கால் அளவு நனைத்துவிட்டுப் போனதாம். சனம் என்ன ஏது என்று தெரியாமல் வற்றிய கடலை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதாம். பக்கீர் முகைதீன் பள்ளிவாசல் மேல்தட்டுக்கு ஏறி, பாங்கு சொல்கிற மோதினாரைப் படியால் தள்ளி இறக்கிவிட்டு, மைக்கைப் பிடித்து ஓடச் சொன்னாராம். ஓடியவர்கள் பிழைத்தார்கள். அவர் இறங்கவில்லை. இரண்டாவது அலை பள்ளிவாசலையும் சேர்த்துக் கொண்டுபோனது. எல்லாமே இப்படி ஆம், ஆம் என்று மற்றவர்கள் சொல்லித்தான் றபீக்காவுக்குத் தெரியும். அந்தக் குரலை அவள் கேட்கவில்லையே! மையித்தும், வெறும் உடல்கூட, கிடைக்கவில்லை. பிறகு கடலோரத்தில் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்ல, மிஞ்சியவர்களுக்கு வயற்பக்கம் வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது. புன்னையடி என்ற பெயரை யாரும் எழுதத் தேவையில்லாமல் போய்விட்டது.

காக்கா கடை போட்டு, அவளை அழுகையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தியது அதற்கும் பிறகு. தமிழில் தட்டெழுதப் பழகியதும் அவள் எழுதிய முதல் விசயம் புன்னையடி. அதற்குள்ளே ஒரு வரி: 'முதல் அலைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எச்சரித்துப் பலரைக் காப்பாற்றி உயிர்நீத்தவர் பக்கீர் முகைதீன்.' கட்டுரை முழுவதும் அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதினாள் என்று நான் சொன்னால் அவள் சண்டைக்கு வருவாள். ஆனால் உண்மை அதுதான்.

மறுநாள் பார்த்தால் கட்டுரையின் தலையில் ஒரு அறிவித்தல்: சான்று இல்லை, நீக்கப்படலாம். போட்டவர் செபரட்ணம் என்ற பயனர். றபீக்காவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. "மோதினார் பொய் சொல்லுவாரா? நீங்க ஆரு எங்கட ஊரப் பத்திக் கதைக்க?" என்று உரையாடல் பக்கத்தில் பொரிந்து தள்ளினாள். அந்த மனிதர் பதிலுக்குப் பொரியவில்லை. கல்முனை மெதடிஸ்த கோயிலடியில் பிறந்து, இப்போது நோர்வேயில் பஸ் ஓட்டுகிறவராம். எழுதினார்: "தங்கச்சி, நான் உங்கள நம்புறன். மோதினாரையும் நம்புறன். ஆனா இத வாசிக்கப்போற ஆள் உங்கள ரெண்டு பேரையும் கண்டதில்ல. அந்த ஆள் தானாப் போய்ப் பாக்கிறத்துக்கு ஒரு வழி வேணும். அதுதான் சான்று. ஹதீஸ் எண்டாலும் நூலும் எண்ணும் கேக்கிறதில்லையா?"

கடைசி வரியை றபீக்கா திரும்ப ஒருமுறை படித்தாள். கிறிஸ்தவ வேதக்காரர் ஒருவர், அதுவும் பனிக்குள் பஸ் ஓட்டுகிறவர், தன் மார்க்கத்திலிருந்தே தனக்கு விளங்கப்படுத்திவிட்டாரே! அந்த மனிதர் அதோடு விடவும் இல்லை. தன் லீவு நாளில் ஒரு நூலகத்துக்குப் போய்ப் பழைய மீன்பிடி அறிக்கை ஒன்றைத் தோண்டி எடுத்து, புன்னையடிக் கரைவலை பற்றி அதில் வந்த இரண்டு பந்திகளைப் படம் எடுத்து அனுப்பினார். கட்டுரை தப்பியது. "அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளக் குடுக்கணும்" என்று றபீக்கா இன்றைக்கும் துஆக் கேட்கிறாள். அவருடைய முகத்தைக்கூட அவள் கண்டதில்லை.

ஆனால் அறிக்கையில் வலை இருந்தது, மீன் இருந்தது, பக்கீர் முகைதீன் இருக்கவில்லை. செபரட்ணம் அந்த வரியைத் தொடவில்லை. பார்த்தும் பாராதவர் மாதிரி விட்டுவிட்டார். அவர் விட்டதை விடாமல் பிடித்தது யார் தெரியுமா? கூடப் பிறந்த மஜீட்!

மஜீட்டுக்கும் எழுத ஆசை வந்தது. அவர்களுடைய வாப்பாவைப் பற்றி 'கொடைவள்ளல், ஏழைகளின் தோழன்' என்று ஒரு கட்டுரை போட்டான். றபீக்கா அன்றைக்கே அதற்குக் கத்தி வைத்தாள்.

"என்ன புள்ள, வாப்பாவ அழிச்சிட்டாய்?"

"சான்று இல்ல காக்கா. அதோட பெத்த மகன் எழுதுறத ஆரு நம்புற?"

"அப்ப பெஞ்சாதி எழுதுறத மட்டும் நம்பலாமா? புன்னையடிக் கட்டுரைல உன்ட மாப்பிள்ளைட கதை இரிக்கே. அதுக்கு எங்க சான்று?"

கோபத்தில் வாய் தவறி வந்த பேச்சு. சொன்ன கணமே மஜீட்டுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கடையில் நின்றவர்கள் போட்டோக் கொப்பி மெசினைப் பார்ப்பது போலப் பாவனை செய்தார்கள்.  றபீக்கா நாற்காலியைத் திருப்பி, புன்னையடிக் கட்டுரையைத் திறந்து, அந்த வரியைத் தானே அழித்தாள். காரணம் எழுதும் இடத்தில் 'சான்று இல்லை' என்று போட்டாள். பிறகு பர்தாவின் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். மஜீட் அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

நீங்கள் நினைக்கலாம், என்ன இவள், ஒரு வரிதானே என்று. மையித்து இல்லை, அடக்கிய கபுறு இல்லை, வீடு இருந்த இடத்தில் மணல் கிடக்கிறது. அந்த மனிதர் இருந்தார், இப்படி ஒரு காரியம் செய்தார் என்று உலகத்தில் எழுத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். அதை அவள் கையாலேயே எடுக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஊர் அவளுக்குச் 'சான்று றபீக்கா' என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு இடம் குத்தும், வெளியில் காட்டமாட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததும் கேசினி என்று ஒரு புதுப் பயனர் வந்தாள். காரைதீவில் பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், தகப்பன் மீன்பிடிக்காரர். கரைவலையைப் பற்றி எழுதியிருந்தாள். சான்று என்ற இடத்தில் 'எங்கட அப்பா' என்று போட்டிருந்தாள். றபீக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் ஆட்களாவது அறிவிப்பாளரின் குணநலன் எழுதுவார்கள், இந்தப் பிள்ளை அதுவும் இல்லாமல் நேரே அப்பா! உரையாடல் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். புத்தகம், ஆசிரியர், வருசம், பக்கம். நெருங்கிய சொந்தக்காரர் சொல்வது ஆதாரம் ஆகாது. ஒருவர் சொன்னது அச்சில் வந்திருந்தால், அவர் சொன்னார் என்றுதான் எழுத வேண்டும், நாமாக ஒரு சொல்லும் கூட்டக் கூடாது. கேசினி கெட்டிக்காரி, கப்பென்று பிடித்துக்கொண்டாள். காரைதீவும் கல்முனையும் கூப்பிடு தூரம். ஆனாலும் அந்த நாட்களில் அந்த ஊர்த் தமிழ்ச் சனமும் இந்த ஊர் முஸ்லிம் சனமும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் எட்டி நின்றுதான் பார்த்தார்கள், அதனால் இவர்களும் திரையில் மட்டுமே சந்தித்தார்கள்.

மே மாதம் யுத்தம் முடிந்தது. கல்முனைத் தெருவில் கொண்டாட்டத்துக்கு வெடி போட்டார்கள். கேசினி பல நாளாக எழுதவே வரவில்லை. றபீக்காவுக்குத் தொண்டை வரைக்கும் கேள்வி வந்தது. சண்டை நடந்த வன்னியில் யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களோ, என்ன ஆனதோ? கேட்டுக் காயப்படுத்தக் கூடாது என்று, "தங்கச்சி, உங்கட கட்டுரைய நான் பாத்துக்கிறன், ஆறுதலா வாங்க" என்று மட்டும் எழுதி வைத்தாள். ஒரு மாதம் கழித்துக் கேசினி வந்து, "அந்த ஒரு வரி எனக்குக் காணும் அக்கா, அதுவே போதும்" என்று எழுதினாள். வேறு ஒன்றும் அவள் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை புன்னையடிக் கட்டுரையில் யாரோ புதிதாக எழுதியிருப்பது தெரிந்து றபீக்கா திறந்து பார்த்தாள். 'முதல் அலைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருவர் மக்களை ஓடும்படி எச்சரித்துக்கொண்டே இருந்தார் என்று அன்று அங்கே நின்ற வல்லியம்மை கூறுகிறார். அவர் யாரெனத் தெரியவில்லை.' சான்று: காரைதீவு மீனவர் சங்கம் ஒன்று சுனாமியின் முதலாம் ஆண்டில் அச்சிட்ட நினைவு மலர், பக்கம் பதினெட்டு. எழுதியவள் கேசினி. புது ஆட்கள் கட்டுரையின் பழைய வடிவங்களைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அந்த இடத்தில் முன்பு ஒரு வரி இருந்ததும் அதை அழித்தது யார் என்பதும் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? கீழே றபீக்காவுக்கு ஒரு குறிப்பும் விட்டிருந்தாள்: "அக்கா, வல்லியம்மை என்ட அம்மாதான். ஆனா மலர் அடிச்சது சங்கம், அதால போடலாம்தானே? அந்த ஆளிட பேர் அம்மாக்குத் தெரியா. புன்னையடி ஆக்கள் ஆரையும் உங்களுக்குத் தெரியுமா? விசாரிச்சுச் சொல்லுவீங்களா?"

 றபீக்கா காக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஒரு வழியாகத் தட்டினாள்: "அம்மாவக் கூட்டிக்கிட்டுக் கடைக்கு வாங்க."

வந்தார்கள். வல்லியம்மை நல்ல திடகாத்திரமான மனிசி. கரைக்குப் போய் மீன் எடுத்து, கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர். கடைக்குள் நுழைந்ததும் கதிரையில் இருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே கதைத்தார்.

"அண்டைக்கு மீன் எடுக்கத்தான் புன்னையடிக்குப் போன நான். கூடை நிறைய மீன் புள்ள. கடல் வத்திக் கிடக்கு, எல்லாரும் புதினம் பாக்காங்க. பள்ளில இருந்து ஒரு ஆள் ஓடு ஓடு எண்டு கத்துறான். சனம் ஓடுது. எனக்குக் கூடைய விட மனமில்ல. தூக்கித் தலைல வெச்சிக்கிட்டு ஆடி ஆடி நடக்கன். மறுகா கேட்டிச்சே ஒரு ஏச்சு! 'அடியேய் கூடைக்காரி! மீன் நாளைக்கும் வரும், நீ வருவியா? எறிஞ்சிட்டு ஓடுடி மூதேவி!' எண்டு, ஊருக்கே கேக்க, மைக்கில. எனக்கு வந்த கோவத்தில கூடைய எறிஞ்சிட்டு, அவனுக்கு நாலு வார்த்தை ஏச வேணும் எண்டு திரும்பிப் பாக்கன், பின்னால கடல் தென்னமர உசரத்துக்கு நிக்கிது. விழுந்தடிச்சு ஓடினன். அந்த ஏச்சு இல்லாட்டி நான் இல்ல புள்ள."

றபீக்கா சிரித்தாள். ஓம், சிரித்தாள். கண்ணால் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். புன்னையடியில் தப்பியவர்கள் எல்லோரும் அவரை இறைநேசரான அவுலியா மாதிரி ஆக்கி, 'கண்ணியமாக எச்சரித்தார்' என்றே சொல்லி வந்தார்கள், மரியாதைக்காக. அது அவள் மாப்பிள்ளை இல்லை. சோற்றில் உப்புக் கூடினால்கூட நாலு வீட்டுக்குக் கேட்க மூதேவி என்று ஏசிவிட்டு, பிறகு பின்னால் வந்து சட்டி கழுவித் தருகிற மனிதர் அவர். இத்தனை வருசத்துக்குப் பிறகு அவருடைய குரல், அவருடைய சொல்லிலேயே, ஒரு மீன்காரியின் வாய் வழியாக அவளிடம் வந்து சேர்ந்துவிட்டது.

"அது என்ட மாப்பிள்ளை" என்றாள். "பக்கீர் முகைதீன்."

வல்லியம்மை அப்போதுதான் கதிரையில் இருந்தார். "பக்கீர் முகைதீன்" என்று தனக்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "வருசா வருசம் அந்த நாளில அவனுக்கும் ஒரு இலை போட்டுப் படைக்கன் புள்ள. பேர் தெரியாம, 'பள்ளியில நிண்ட தம்பிக்கு' எண்டு சொல்லித்தான் படைக்கன்." இரண்டு பெண்களும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மஜீட் கடைக் கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டான்.

அழுது முடிந்ததும் றபீக்காவுக்கு ஆசை வந்துவிட்டது. மனிசிதானே! "தங்கச்சி, அந்த வரியில பேரப் போடுங்க" என்றாள்.

கேசினி கையைப் பிசைந்தாள். அம்மாவைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். "அக்கா, கோவிக்கக் கூடா. நீங்க அவருட பெஞ்சாதி. உங்கட சொல் ஆதாரம் ஆகாதே. நீங்கதானே படிப்பிச்ச நீங்க?"

"அட புள்ளயே, என்ன கதை கதைக்காய்!" என்று வல்லியம்மை கையை ஓங்கினார். றபீக்கா குறுக்கே விழுந்து தடுத்தாள். "அடிக்காதீங்க, அவ சரியாத்தான் சொல்றா" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு நோகவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நோவுக்கு மேலே ஒரு சந்தோசமும் வந்தது. மஜீட்டின் வாயால் வந்தபோது குத்திய அதே நியாயம், இந்தப் பிள்ளையின் வாயால் வந்தபோது காவலாகத் தெரிந்தது. இவள் போடுகிற பெயரை நாளைக்கு யாரும் அழிக்க ஏலாது.

கேசினி சும்மா இருக்கவில்லை. வீட்டுத்திட்டத்துக்குப் போய் மோதினார் சீனிமுகம்மதுவைக் கண்டாள். தேத்தண்ணிக் கடைக்காரரைக் கண்டாள், வலை இழுத்தவர்களைக் கண்டாள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் காட்டாமல் தனித்தனியாகக் கேட்டாள். எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். முஸ்லிம் பகுதியில் தமிழ்ப் பிள்ளை ஒன்று வீடு வீடாகத் திரிகிறதே என்று முதலில் முறைத்தவர்கள், விசயம் தெரிந்ததும் பிடித்து வைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினார்கள். கேட்டதை எழுதி மீனவர் சங்கத்தின் அடுத்த மலருக்குக் கொடுத்தபோது, சங்கத்தில் ஒன்றிரண்டு பேர், எங்கள் மலரில் எதற்கு மற்ற ஊர்க் கதை என்று முணுமுணுத்தார்களாம். "என்ட உசிர் எந்த ஊருக் கதை?" என்று வல்லியம்மை போய்க் கேட்டதும் அடங்கிவிட்டார்கள். ஐந்தாம் ஆண்டு மலரில் எல்லாம் அச்சில் வந்தது, அந்த ஏச்சும் உட்பட.

அந்த டிசம்பரில் ஒரு நாள் காலை வல்லியம்மையே மலரைக் கொண்டுவந்து றபீக்காவின் கையில் தந்துவிட்டுப் போனார். மாலையில் கட்டுரையைத் திறந்தால் கேசினி முந்திவிட்டாள். 'அவர் யாரெனத் தெரியவில்லை' போய்விட்டது. பக்கீர் முகைதீன் என்று இருந்தது, பெயரின் தலைமாட்டில் சின்னதாகச் சான்றின் எண். றபீக்கா அந்த எண்ணை அழுத்திக் கீழே இறங்கிப் பார்த்தாள். மலரின் பெயர் சரி, சங்கம் சரி, வருசம் சரி, பக்க எண்ணைக் காணவில்லை! சந்தோச அவசரத்தில் பிள்ளை விட்டுவிட்டாள்.

மலர் மடியில்தான் கிடந்தது. பக்கமும் தெரியும், காலையிலிருந்து அதையேதானே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் பெஞ்சாதி தொடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு கேசினியின் உரையாடல் பக்கத்தில் எழுதினாள்: "தங்கச்சி, பக்க எண் போடல்ல. போடுங்க." அனுப்பிவிட்டு, போதாது என்று பட்டு, கீழே இன்னும் எழுதினாள்: "அவர் கடைசியா எப்படிப் பேசினார் எண்டு கேக்க எனக்குக் கிடைக்கல்ல. உங்கட அம்மா தந்தா. அல்லாஹ் உங்கள நல்லா வெச்சிருக்கணும்."

கடை பூட்டும் நேரம் மஜீட் எட்டிப் பார்த்தான். "என்ன புள்ள, இன்னும் போகல்லயா?"

"கொஞ்சம் பொறுங்க காக்கா" என்றாள் றபீக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் புள்ள பக்கத்தப் போடட்டும்."